ஏடிடி 37-ம் சுமோ 3-ம்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு விவசாயியிடம் போய், "ஏடிடி 37, ஏடிடி 43 ரெண்டும் ஆடுதுறை ரகம்தானே, ரெண்டும் ஒண்ணுதானே?" என்று கேட்டுப் பாருங்கள். ஏற இறங்கப் பார்ப்பார். ஒன்று குண்டு, மற்றது சன்னம். சோறே வேறு!

அதே ஊர்ப் பிள்ளைகள் காலேஜில் உயிரியல் படிக்கும்போது மட்டும், "யுபிக்விட்டின், சுமோ எல்லாம் ஒரே குடும்பம், ஒன்றைப் படித்தால் போதும்" என்று தாண்டிவிடுகிறார்கள். தப்புங்க. (டாடா சுமோ இல்லை, இது வேற சுமோ.)

இரண்டுமே குட்டி புரோட்டீன்கள். செல் இவற்றை மற்ற புரோட்டீன்கள் மேல் முத்திரை மாதிரி ஒட்டுகிறது. காமர்ஸ் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், செக் ஒன்றுதான். மேலே ரெண்டு கோடு போட்டால் கணக்கில்தான் விழும், 'கேன்சல்' என்று எழுதினால் குப்பைக்கு. யுபிக்விட்டின் சங்கிலியாக ஒட்டினால் பெரும்பாலும் கேன்சல்தான். இதைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2004-ல் வேதியியல் நோபல். சுமோ முத்திரையோ பெரும்பாலும் புரோட்டீனை அழிப்பதில்லை. அது எங்கே போகணும், யாரோடு சேரணும் என்பதை மாற்றுகிறது.

சுமோவுக்குள்ளேயே அண்ணன் தம்பிகள் உண்டு. மனித செல்லில் சுமோ 2-ம் 3-ம் 95 சதவீதத்துக்கு மேல் ஒன்று. சுமோ 1 அவற்றோடு பாதி அளவுக்குத்தான் ஒத்துப்போகும். சுமோ 1 பெரும்பாலும் ஏற்கெனவே எதிலாவது ஒட்டிக்கொண்டிருக்கும், முதலீட்டில் முடங்கிய பணம் மாதிரி. 2, 3 கையிருப்பு ரொக்கம். செல்லுக்குச் சூடு பட்டால் உடனே ஓடிப்போய் ஒட்டும்.

2014-ல் வந்த எலி ஆய்வு இன்னும் சுவாரசியம். சுமோ 3 இல்லாத எலி பிழைக்கிறது. சுமோ 2 இல்லாவிட்டால் கருவிலேயே போய்விடுகிறது. இத்தனைக்கும் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி! கருவில் அதிகம் சுரப்பது சுமோ 2 என்பதுதான் காரணம். உருவத்தில் இல்லாத வித்தியாசம் இருப்பில் இருக்கிறது. உருவத்தை மட்டும் பார்த்து "ஒண்ணுதான்" என்று சொன்னவர்கள் என்ன செய்வார்கள்?

எலிக்கும் நமக்கும் என்னங்க என்பவர்கள் ஐப்பசி கார்த்திகை மழையில் மூழ்கிய சம்பா வயலைப் பார்க்கட்டும். நெல்லில் சப்1ஏ, சப்1பி, சப்1சி என்று பக்கத்துப் பக்கத்தில் மூன்று ஜீன்கள். சப்1சி தரும் புரோட்டீன் மேல் யுபிக்விட்டின் கேன்சல் முத்திரை விழுந்து அது அழிகிறது. சப்1ஏ புரோட்டீன் அந்த முத்திரைக்கு மாட்டாமல் தப்பிக்கிறது. அதனால் மூழ்கிய பயிர் வீணாக உயர்ந்து தெம்பை இழக்காமல், சேமித்து வைத்துக் காத்திருக்கிறது.

ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ நெல்லில் இருந்து வந்த இந்த ஒரு ஜீனைச் சேர்த்ததுதான் சி.ஆர். 1009 சப்-1. இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும், தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கிறது.