வீட்டுவேலைக்குக் கூலியா?

இம்மலரைக் கையிலெடுக்கும் பழைய மாணவரிற் பலர் இன்று பிள்ளைகளைப் பெற்று வளர்ப்போர். கடல்கடந்து வாழும் சிலர், வேலைக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தே பிள்ளைகளை ஏவுவதாக எனக்கு எழுதுகின்றனர். பயிற்றப்பட்ட ஆசிரியனாகிய நானும் அவ்வழியிற் சென்று ஏமாந்தவனே.

சென்ற விடுமுறையிலே, வளவிலுள்ள வாழைகளுக்கு நீர் வார்க்க வாளியொன்றுக்கு ஐந்து ரூபா என்று என் மகனுடன் பேசிக்கொண்டேன். முதல்நாள் இருபது வாளி, மறுநாள் முப்பது. பெருமகிழ்வெய்தினேன். நான்காம் நாள் கிணற்றடிக்குச் சென்றபோதுதான் வாளிகள் அரைவாசியே நிரம்பியிருக்கக் கண்டேன். அவன்மீது குற்றமில்லை. நான் வாளிக்கு விலை பேசினேன்; வாழைக்குப் பேசினேனல்லேன்.

காசு புகுந்த இடத்திலே கூச்சம் வெளியேறிவிடுவதும் உண்டு. இஸ்ரேலின் ஹைபா நகரிலே, குழந்தைப் பராமரிப்பு நிலையங்கள் பத்தில் நடத்திய ஆய்வொன்றைக் க்னீசி, ருஸ்டிசினி என்னும் பொருளியலறிஞர் இருவர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவற்றுள் ஆறில், பிள்ளையை அழைத்துச் செல்லப் பிந்திவரும் பெற்றோருக்குத் தண்டப்பணம் விதிக்கப்பட்டது. பிந்துவோர் தொகை குறையவில்லை; பெருகிற்று. தண்டத்தை நீக்கிய பின்னரும் பழைய நிலை மீளவில்லை. ஆசிரியை காத்திருப்பாரே என்னும் எண்ணத்தை ஒருமுறை விலைக்கு விற்றபின் திரும்ப வாங்குதல் அரிது போலும்.

இதனாற் பொருளியலையே வீட்டுக்கு வெளியே நிறுத்தவேண்டுமென்பேனல்லேன். ரிக்கார்டோ 1817இல் விளக்கிய ஒப்பீட்டு நன்மையை உயர்தர வகுப்பு மாணவர் அறிவர். என் மகள் முற்றங் கூட்டுவதிலும் கோப்பை கழுவுவதிலும் தம்பியை வெல்வாள். ஆயினும் கூட்டுவதில் அவள் இருமடங்கு விரைவுடையாள். கழுவுவதிற் சிறிதே முந்துவாள். ஆகவே முற்றம் அவளுக்கு, கோப்பைகள் அவனுக்கு என்று தம்முள்ளே பேசி முடித்துக்கொண்டனர். கூலி இல்லை. ஆண்பிள்ளை கோப்பை கழுவுவதா என்று என் தாயார் முகஞ் சுளித்தார். ரிக்கார்டோ அப்படியொரு விதி செய்ததாக நான் அறியேன்.

வாழைகளில் மூன்றை மகனுக்கே விட்டுவிட்டேன். குலையை விற்பதும் உண்பதும் அவன் விருப்பம். இப்போது எவரும் வாளியை எண்ணுவதில்லை. ஒன்று பொத்தி தள்ளியிருக்கின்றது.