கரிசல் வெயிலுக்குப் பளபளப்பு ஆகாது

பால் காய்ப்புக்கு வந்தவர்களில் தலைவாசல் கதவைத் தடவிப் பார்க்காதவர் இருக்க மாட்டார். "தேக்கா?" என்று ஒருவர் கேட்பார், இன்னொருவர் வார்னிஷில் தன் முகம் தெரிகிறதா என்று பார்ப்பார். நாகலாபுரம், புதூர், விளாத்திகுளம் பக்கம் நான்கைந்து கோடை கண்ட வீடுகளில் அதே கதவை இப்போது பார்க்க வேண்டும். மேற்குப் பார்த்த வாசலாக இருந்தால் கீழ்ப்பாதி வார்னிஷ் செதில் செதிலாக உரிந்து, உள்ளே மரம் சாம்பல் பூத்திருக்கும். சன்ஷேடு நிழலில் இருக்கும் மேல்பாதி மட்டும் அப்படியே புதுசாக இருக்கும். மரம் ஒன்றுதான், பூச்சும் ஒன்றுதான். மாறியது வெயில்.

மேலை நாடுகளில் வீட்டுக்குப் பின்புறம் மரப்பலகையில் தளம் போட்டு உட்காருகிறார்கள். அதற்கு எந்தப் பூச்சு சரி என்பது அங்கே தீராத விவாதம். கரிசலில் பலகைத் தளத்துக்கு வேலையில்லை. ஆனால் மிதிபட்டு, நனைந்து, காய்கிற மரம் இங்கேயும் வீட்டுக்கு வீடு உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் கழுவி மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற நிலைப்படியை விட அதிகம் நனையும் மரம் எது? கடைக்குப் போய், "வெளியில் நிற்கிற மரத்துக்கு என்ன பூசலாம்?" என்று கேட்டால் மட்டும் பெரும்பாலும் பளபளக்கிற டப்பா ஒன்றுதான் கைக்கு வருகிறது.

மரத்தின் நார்களை ஒட்டி வைத்திருப்பது லிக்னின் என்ற பொருள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் முதலில் அதைத்தான் சிதைக்கும். அடுத்து வரும் மழை சிதைந்ததைக் கழுவிக்கொண்டு போகும்; மிஞ்சும் வெறும் நார்தான் அந்தச் சாம்பல் நிறம். கண்ணாடி போன்ற நிறமற்ற வார்னிஷ் வெயிலை உள்ளே விட்டுவிடுகிறது. பூச்சுக்கு அடியிலேயே மரத்தின் மேல்தோல் செத்துப்போவதால், பூச்சு பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் கழன்று விழுகிறது. வெயிலைத் தடுப்பது பூச்சில் கலந்திருக்கும் நிறமி. செம்மண் நிறம், காவி, பழுப்பு ஆகியவற்றைத் தரும் இரும்பு ஆக்சைடு இந்த வேலையை நன்றாகச் செய்யும். நிறமற்ற பூச்சையே புற ஊதாக் கதிர் தாங்கும்படி செய்ய முடியுமா என்று பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்திலும் ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அது கடைக்கு வரும்வரை கரிசல்காரர்கள் கொஞ்சம் நிறத்தைச் சகித்துக்கொள்வதே நல்லது.

இன்னொரு சங்கதி, மரம் சும்மா இருக்காது. மழைக்கு அகலத்தில் உப்பும், கோடைக்குச் சுருங்கும். மேலே படலமாக நிற்கும் கெட்டிப் பூச்சு அதோடு சேர்ந்து அசைய முடியாமல் வெடிக்கும். அந்த மயிரிழை வெடிப்பில் இறங்கும் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கிடந்து மரத்தை உளுக்க வைக்கும். மரத்துக்குள் ஊறி நிற்கும் நிறமி கலந்த எண்ணெய்ப் பூச்சு உரியாது, வெளுக்கத்தான் செய்யும். வெளுத்தால் தூசி தட்டி, லேசாக உப்புத்தாள் போட்டு மேலேயே இன்னொரு கை பூசலாம். உரிந்த வார்னிஷ் என்றால் மொத்தத்தையும் சுரண்டி எடுத்தாக வேண்டும், அந்தக் கூலி யாருக்குக் கட்டும்?

கரிசல் மண்ணின் குணம் இந்தக் கதையில் தனி அத்தியாயம். மழை குடித்தால் உப்புகிற, வெயிலில் விரல் நுழைய வெடிக்கிற களிமண் இது. அஸ்திவாரம் அசைந்தால் நிலை கோணும். கார்த்திகையில் மரமும் ஈரத்தில் பருத்திருக்க, கதவு இடிக்கும். உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைப்புளியால் ஓரத்தைச் சீவுவார்கள். கதவு சாத்துகிறது என்ற நிம்மதியோடு வேலை முடிந்துவிடும். சீவிய ஓரத்தில் பூச்சு கிடையாது, அடுத்த மழை அங்கேதான் நுழைகிறது. கோடையில் கதவு சுருங்கியதும் பல்லி நுழையும் இடைவெளி வேறு. கதவின் அடிமுனையும் நிலைக்காலின் பாதமும் நார் வெட்டுப்பட்ட இடங்கள்; பக்கவாட்டைவிடப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும். பல வீடுகளில் முன்பக்கத்துக்கு மூன்று கை பாலிஷ், அடிமுனைக்கு ஒரு கைகூடக் கிடையாது.

கடையில் புழங்கும் பெயர்களையும் பார்த்துவிடலாம். அரக்கில் செய்கிற பிரெஞ்சு பாலிஷ் தண்ணீர் பட்டால் வெளுத்துப் புள்ளி விழும். மெலமைன் வீட்டுக்குள் இருக்கும் அலமாரிக்கு. பியூ பாலிஷில் உள்வேலைக்கு ஒன்று, வெளிவேலைக்கு ஒன்று என்று இரண்டு வகை உண்டு; டப்பாவைத் திருப்பிப் படிக்காமல் வாங்கக் கூடாது. நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் மரத்தில் சரியாகக் காயாது; பிசுபிசுத்துப் புழுதியை இழுக்கும். ஆளிவிதை எண்ணெய் காயும், ஆனால் நிறமி இல்லாமல் தனியாகப் பூசினால் வெயிலுக்கு நிற்காது, பூஞ்சை ஏறிக் கறுக்கும். வண்டிக்கும் மாட்டுக்கொட்டகைத் தூணுக்கும் பழைய இன்ஜின் ஆயில் அடிப்பது ஊர்வழக்கம். கன உலோகங்கள் கலந்த அந்த எண்ணெயைக் கை படும் கதவிலோ மாடு நக்கும் தூணிலோ பூசுவதை விட்டுவிட வேண்டும்.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. காயும்போது அந்த எண்ணெய் சூடு கக்கும். குவியலாகக் கிடந்தால் சூடு வெளியேறாமல் தானே தீப்பிடிக்கும். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1991 பிப்ரவரி 23 அன்று 38 மாடிக் கட்டடம் ஒன்று பற்றி எரிந்து மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்ததற்குத் தொடக்கம் இப்படிப்பட்ட துணிகள்தான். தீப்பெட்டிக்குப் பேர்போன கோவில்பட்டி வட்டாரத்தில், தீக்குச்சி இல்லாமலும் தீ வரும் என்று பாலிஷ் வேலைக்காரர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும். துணியைத் தண்ணீரில் முக்கி, விரித்துக் காயப் போட்டால் போதும்.

பழைய எனாமல் பெயிண்டைச் சுரண்டுவதிலும் கவனம் தேவை. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம்-க்கு மேல் போகக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முந்தைய கதவுகளை நனைத்துத் தேய்க்க வேண்டும். குழந்தைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது.

எப்போது பூசுவது? ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரம். சித்திரை வெயிலில் எண்ணெய் ஊறுமுன் மேலேயே காய்ந்துவிடும். ஆடிக் காற்றில் பூசினால் பாதி கரிசல் புழுதி கதவில் ஒட்டும். மாசி மாதக் காலை நேரம்தான் தோது. வீடு கட்டுகிறவர்கள் மேஸ்திரியோடு பேசும்போதே வெளிக்கதவுக்கு நிறமி சேர்ந்த ஊறும் பூச்சு, அடிமுனைக்கும் சேர்த்து, என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே எண்ணெய்ப் பூச்சு அடித்தவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை நிலைப்படியில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக நின்றால் அடுத்த மாசி வரை விடலாம். உறிஞ்சினால் ஐப்பசி மழைக்கு முன் இன்னொரு கை பூசிவிடுங்கள்.