பென்ஷன் ஆபீஸ் போன் பண்ணாது, பண்றது வேற ஆள்

ஒரு முன்னாள் ராணுவ வீரர் இறந்துட்டா, பணம் விஷயமா அந்த வீட்டுக்கு முதல்ல போன் பண்றது யார்? பென்ஷன் ஆபீஸ் இல்ல, ரெக்கார்ட்ஸ் ஆபீஸும் இல்ல. பல வீடுகள்ல அது ஒரு மோசடிக்காரன். அவன் அன்பா பேசுறான், வேலையை முடிச்சுத் தர்றேன்னு சொல்றான். அரசாங்கம் காட்டாத அக்கறையை அவன் காட்டுறான். அதனாலதான் படிச்சவங்களும் ஏமாறுறாங்க.

ஏற்காட்டுல இருந்த எங்க மாமா மெட்ராஸ் ரெஜிமென்ட்ல ஹவில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவர். 71 வயசுல இறந்தார். காரியம் முடிஞ்ச மூணாவது நாள் அத்தைக்கு ஒரு போன். "அம்மா, ஸ்பர்ஷ்ல இருந்து பேசுறேன். ஐயாவோட பென்ஷனை உங்க பேருக்கு மாத்தணும். இன்னைக்கே பண்ணலைன்னா ஃபைல் க்ளோஸ் ஆயிடும்." அத்தை பிபிஓ நம்பரையும் ஆதார் நம்பரையும் படிச்சுக் காட்டிட்டாங்க. அடுத்து ஓடிபி கேட்டிருக்கான். அவங்க வீடு இருக்குற பக்கம் டவர் சரியா எடுக்காது. மெசேஜ் வரவே இல்ல, லைனும் கட் ஆயிடுச்சு. ஏற்காட்டு நெட்வொர்க்கை நான் வாழ்க்கையில பாராட்டினது அந்த ஒரு தடவைதான்.

அவன் அதோட விடல. ஆத்தூர்ல இருக்குற மாமாவோட தம்பிக்குப் பேசி, "அண்ணி பேப்பர் சரியா தரல, நீங்க கொஞ்சம் சொல்லுங்க"ன்னு கேட்டிருக்கான். பெங்களூர்ல வேலை பார்க்குற அத்தை பொண்ணுக்கு வாட்ஸ்ஆப்ல ஒரு ஏபிகே ஃபைல் அனுப்பி, "ஃபேமிலி பென்ஷன் ஃபார்ம், இன்ஸ்டால் பண்ணுங்க"ன்னு சொல்லியிருக்கான். அவ ஐடி கம்பெனிங்கறதால தொடவே இல்ல. சித்தப்பாவோ உண்மையிலேயே அத்தைக்கு போன் போட்டு, "ஏன் அண்ணி ஆபீஸ்காரங்களை அலைய விடுறீங்க"ன்னு கேட்டுட்டார். சொந்தக்காரங்களுக்கு போன் போடுறதோட நோக்கமே இதுதான். அழுத்தம் வெளியில இருந்து வந்தா சந்தேகப்படுவோம். வீட்டு ஆளே சொன்னா மறுக்க மாட்டோம்.

இவ்வளவு நம்பர் எப்படிக் கிடைச்சதுன்னு கேட்டா, ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கம் போய் ஒரு கண்ணீர் அஞ்சலி பேனரைப் பாருங்க. பேர், வயசு, "முன்னாள் ராணுவ வீரர்", மனைவி பேர், மகன், மகள், மருமகன், தம்பி, கீழே ரெண்டு செல் நம்பர். அதையே போட்டோ எடுத்து எல்லாரும் ஸ்டேட்டஸ் வைக்கிறோம். ஒரு குடும்பத்தோட முழு கேஒய்சி அது. எங்க விஷயத்துல அவன் அங்கதான் எடுத்தான்னு என்னால நிரூபிக்க முடியாது. ஆனா எடுக்கணும்னு நினைச்சா அஞ்சு நிமிஷ வேலை. பேனர் வைக்காதீங்கன்னு சொல்லல, அந்த நம்பர் மட்டும் எதுக்கு?

இப்ப உண்மையான நடைமுறைக்கு வருவோம். இது தெரிஞ்சா அவனோட வசனம் ஒவ்வொண்ணும் தானா உடையும்.

"இன்னைக்கே பண்ணணும்" என்பது பொய். ஃபேமிலி பென்ஷன், அவர் இறந்த தேதிக்கு மறுநாள்ல இருந்தே கணக்கு. ரெண்டு மாசம் தாமதமா பேப்பர் கொடுத்தாலும் நிலுவையோட சேர்ந்து வரும். மனைவி பேர் பெரும்பாலும் மாமாவோட பிபிஓவிலேயே ஏற்கெனவே இருக்கும், யாரும் புதுசா "சேர்த்து" தர வேண்டியதில்ல. செய்ய வேண்டியது, இறப்புச் சான்றிதழ் வாங்கி ஸ்பர்ஷ் தளத்துல தகவலைப் பதிவு பண்றது. ஆன்லைன் வராதுன்னா ஸ்பர்ஷ் சர்வீஸ் சென்டரா இருக்குற வங்கிக் கிளைக்கோ பொது சேவை மையத்துக்கோ போகலாம். சேலத்துல இருக்குற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல உட்கார்ந்து கேட்டா வழி சொல்வாங்க. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிப் போகணும், ஒரு நாள் லீவு போகும். போகட்டும்.

அடுத்து வர்ற வசனம், "உங்க பென்ஷன் குறைஞ்சிருக்கு, சரி பண்ணித் தர்றேன்". குறையத்தான் செய்யும். சாதாரணமா ஓய்வு பெறுறவரோட பென்ஷன் கடைசிச் சம்பளத்துல 50%, மனைவிக்கு வர்ற சாதாரண ஃபேமிலி பென்ஷன் 30%. அதாவது 20,000 ரூபாய் அடிப்படை பென்ஷன் இருந்த இடத்துல சுமாரா 12,000 வரும், அதுக்கு மேல அகவிலைப்படி தனி. ஓஆர்ஓபி அட்டவணைப்படி தொகை கொஞ்சம் மாறும், ஆனா குறைஞ்சபட்சம் மாசம் 9,000 ரூபாய் உண்டு. ஓய்வுக்கு அப்புறம் 67 வயசுக்கு முன்னாடியே இறந்திருந்தா, 7 வருஷம் அல்லது அவருக்கு 67 ஆகியிருக்கும் நாள், இதுல எது முதல்ல வருதோ அதுவரை கூடுதல் விகிதம் கிடைக்கும். மாமா 71, அதனால நேரா 30%தான். இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா அத்தை முதல் மாசம் பாஸ்புக் பார்த்து பதறியிருக்க மாட்டாங்க. பதறுற நேரத்துலதான் அடுத்த போன் வரும்.

"கம்யூட்டேஷன் பாக்கி கட்டணும்"னு கேட்கிறதும் பொய். அவர் கம்யூட் பண்ணி வாங்கின தொகையில மிச்சத்தை மனைவிகிட்ட வசூலிக்க மாட்டாங்க, ஃபேமிலி பென்ஷன்லயும் அதைக் கழிக்க மாட்டாங்க.

ஒண்ணு மட்டும் உண்மையாவே திரும்பப் போகும். இறந்த தேதிக்கு அப்புறம் அவர் கணக்குல விழுந்த பென்ஷன். பல வீட்டுல ஏடிஎம் கார்டு பின் தெரியும்னு செலவுக்கு எடுத்துடுறாங்க. அது அப்புறம் பிடித்தமா வரும், அப்ப மறுபடியும் குழப்பம். அந்தக் கணக்கைத் தொடாதீங்க.

இதுல அரசாங்கத்து மேல எனக்குக் கோபம் உண்டு. பிறப்பு, இறப்பு பதிவுச் சட்டத்தை 2023ல திருத்தி, தேசிய அளவுல ஒரே தரவுத்தளம்னு கொண்டு வந்தாங்க. மத்த துறைகளோட பகிரவும் அதுல வழி இருக்கு. அப்படின்னா ஏற்காட்டுல பதிவான ஒரு இறப்பு, பிரயாக்ராஜ்ல இருக்குற ராணுவ பென்ஷன் அலுவலகத்துக்குத் தானா போய்ச் சேரணும். அங்கிருந்து அந்தம்மாவுக்கு ஒரு கடிதம் வரணும், தமிழ்ல: "வருந்துகிறோம், உங்களுக்கு இவ்வளவு வரும், இந்த இடத்துக்கு வாங்க, போன்ல யாருக்கும் எதுவும் சொல்லாதீங்க". பிரிட்டன்ல "டெல் அஸ் ஒன்ஸ்"னு ஒரு சேவை இருக்கு, இறப்பை ஒரு தடவை தெரிவிச்சா பல அரசுத் துறைகளுக்கும் தகவல் போயிடும். நம்ம ஊர்ல அந்தக் கடிதம் வர வேண்டிய இடம் காலியா கிடக்கு. 2024ல மத்திய ஓய்வூதியக் கணக்கு அலுவலகம், எங்க பேரைச் சொல்லி யாராவது பேசினா நம்பாதீங்கன்னு சிவில் பென்ஷனர்களை எச்சரிச்சது. நல்லது. ஆனா எது உண்மைன்னு முன்கூட்டியே சொல்லாம, எது பொய்னு மட்டும் சொன்னா பாதி வேலைதான்.

சரி, உங்க விஷயம். உங்க அப்பாவோ தாத்தாவோ ராணுவத்துல இருந்தவரா? அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப அந்தப் பச்சைக் கலர் ட்ரங்க் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்க. முதல்ல பார்க்க வேண்டியது பிபிஓவில அம்மாவோட பேர். சர்வீஸ் ரெக்கார்டுல ஒரு மாதிரி, ஆதார்ல இன்னொரு மாதிரி, இனிஷியல் முன்னாடி பின்னாடின்னு நம்ம ஊர்ல இது சகஜம். அவர் உயிரோட இருக்கும்போது திருத்துறது ஒரு விண்ணப்பத்தோட முடியலாம். அவர் போனப்புறம் அம்மா தாலுகா ஆபீஸ், நோட்டரின்னு அலையணும். அம்மாவோட செல் நம்பர் அவங்க தனிக் கணக்குல இணைஞ்சிருக்கா, ஆர்மி குரூப் இன்சூரன்ஸ் ஓய்வுக்குப் பிறகும் தொடருதா, அம்மாவுக்கு இசிஹெச்எஸ் கார்டு இருக்கா, பென்ஷன் கணக்கோட விபத்துக் காப்பீடு எதுவும் வருதா, இதையெல்லாம் அவர்கிட்டயே கேளுங்க. "நான் எப்ப சாவேன்னு காத்திருக்கியா"ன்னு ஒரு டயலாக் வரும். காபி போட்டுக் கொடுத்துட்டு திரும்பக் கேளுங்க. ராணுவத்துல இருந்தவங்களுக்கு பேப்பர் பக்காவா வைக்கிறது பெருமை. சரியா கேட்டா அவரே நாலு ஃபைல் எடுத்துப் போடுவார்.

குடும்பத்துல ஒரே ஒரு ஆள்தான் இந்த விஷயம் பேசணும்னு முடிவு பண்ணிடுங்க. சித்தப்பா, மாமா, மருமகன் யாருக்கு போன் வந்தாலும் "அந்தப் பையன்கிட்ட பேசிக்கோங்க"ன்னு வெச்சிடணும். சில சமயம் பேங்க் கிளையில இருந்து நிஜமாவே கூப்பிடுவாங்க, அதை மறுக்கல. "நேர்ல வர்றோம் சார்"னு சொன்னா உண்மையான மேனேஜர் சந்தோஷப்படுவார், மத்தவன் கோபப்படுவான். ஓடிபி, ஏபிகே, ஸ்க்ரீன் ஷேர் இந்த மூணுல ஒண்ணைக் கேட்டாலே கட் பண்ணிடலாம்.

பணம் ஏற்கெனவே போயிருந்தா, அம்மாவைத் திட்டுறதை அப்புறம் வெச்சுக்கிட்டு உடனே 1930க்கு அடிங்க. பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுறதுக்குள்ள தடுக்க முடிஞ்சா உண்டு. தேசிய சைபர் கிரைம் தளத்துலயும் புகார் பதியுங்க, வங்கிக்கு எழுத்துல கொடுத்து ஒப்புகை வாங்குங்க. எங்க அத்தை மாதிரி நம்பர் மட்டும் சொல்லியிருந்தா, அன்னைக்கே ஆதார் பயோமெட்ரிக்கை லாக் பண்ணுங்க, ஸ்பர்ஷ் பாஸ்வேர்டை மாத்துங்க, வங்கியில சொல்லி வைங்க. அத்தைக்கு நாங்க இதை எல்லாம் பண்ணி முடிச்ச மறுவாரமும் அவன் கூப்பிட்டான், வேற நம்பர்ல, இந்த தடவை "ஸ்பர்ஷ் விஜிலென்ஸ்"ல இருந்து.