நகை அம்மாவோடது, முடிவு யாரோடது?

பல்லடத்துல பஸ் ஏறினா ஜன்னல் வழியா நீள நீளமா கறிக்கோழி ஷெட் தெரியும், பார்த்திருப்பீங்க. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுக்கும். நாற்பது நாளுக்கு மேல வளர்த்துக் கொடுத்தா கிலோ கணக்குல வளர்ப்புக் கூலி. ஆனா ஷெட் போடற செலவு பண்ணைக்காரரோடது. அதுக்கு பேங்க் லோன், பத்தலைன்னா வீட்டம்மா நகை அடகுக்குப் போகும். என் கேள்வி சின்னது: அவங்ககிட்ட விஷயத்தைச் சொல்றது எப்போ? முடிவு எடுக்கறதுக்கு முன்னாடியா, இல்ல வளையலைக் கழட்டச் சொல்லும்போதா?

ஈமு கோழி ஞாபகம் இருக்கா? நாம அப்போ மூணாவதோ நாலாவதோ. பெருந்துறை சுசி ஈமு ஃபார்ம்ஸ்ல ஒன்றரை லட்சம் கட்டினா ஆறு குஞ்சு, பராமரிப்புக்கு மாசம் 6,000 ரூபாய்னு சொன்னாங்க. கணக்குப் போடுங்க: வருஷம் 72,000, அதாவது போட்ட பணத்துல 48 சதவீதம்! டிவியில சினிமா நடிகர்களே விளம்பரம் பண்ணினாங்க. 2012 ஆகஸ்ட்ல எல்லாம் நின்னுபோச்சு. கட்டினவங்க போலீஸ்ல புகார் கொடுக்க வரிசையில நின்னாங்க.

"இந்தக் கறியை யாருங்க வாங்குவாங்க?" இந்த ஒரு கேள்வி போதும், மொத்தத் திட்டமும் ஆட்டம் கண்டிருக்கும். வாராவாரம் கறிக்கடைக்குக் காசு எண்ணிக் கொடுக்கறவங்களுக்கு இது சட்டுனு தோணும். ரெண்டு பேரும் சேர்ந்தே ஆசைப்பட்ட வீடுகளும் இருந்திருக்கும், இல்லைன்னு சொல்லலை. ஆனா கேட்க ஒரு வாய்ப்பாவது இருக்கணும்ல?

அமெரிக்காவுல பார்பர், ஓடியன்னு ரெண்டு பேர் 35,000 குடும்பங்களுக்கு மேல ஷேர் கணக்கைப் பார்த்து 2001ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஆண்கள் பெண்களைவிட 45 சதவீதம் அதிகமா வாங்கி விற்கறாங்க, அதனாலயே வருமானமும் குறையுது. கல்யாணம் ஆகாதவங்களை மட்டும் எடுத்தா அது 67 சதவீதம். கல்யாணம் ஆனவங்ககிட்ட வித்தியாசம் குறையுது. வீட்டுல இன்னொருத்தர் பேச்சும் கலக்கறது அதுக்குக் காரணமா இருக்கலாம்னு அவங்க சொல்றாங்க. ஹாஸ்டல்ல ராத்திரி முழுக்க ஆப்ஷன் டிரேடிங் வீடியோ பார்க்கற நண்பர்கள் கவனிக்க.

லோன் பேப்பர்ல மனைவியும் கையெழுத்துப் போடற வீடுகள் நிறைய. பாதிப் பேருக்கு அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியாது, ஏன்னா அது இங்கிலீஷ்ல இருக்கு. இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச நாம லீவுக்கு ஊருக்குப் போகும்போது அந்தப் பேப்பரை எடுத்து, வட்டி எவ்வளவு, தவணை தப்பினா எது போகும்னு அப்பா, அம்மா ரெண்டு பேரையும் உட்கார வெச்சு தமிழ்ல படிச்சுக் காட்டலாம். அரை மணி நேர வேலைங்க.