பூண்டுக்குப் பத்து நிமிடங்கள்

கோடம்பாக்கத்துக் கடைகளில் மலைப்பூண்டுக்கு ஒரு விலை, மற்றப் பூண்டுக்கு ஒரு விலை. கூடுதல் விலை கொடுத்து மலைப்பூண்டையே தேடி வாங்கும் தாய்மார்கள் பலர், வீட்டுக்கு வந்ததும் அதன் பயனில் பெரும்பகுதியை அடுப்பில் இழந்துவிடுகின்றனர்.

உரிக்காத பூண்டில் வாடை அவ்வளவாக இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நசுக்கிய பின்னரே அது மூக்கைத் துளைக்கிறது. பல்லுக்குள் 'அல்லீன்' என்னும் கந்தகப் பொருளும் 'அல்லினேஸ்' என்னும் நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. இடிக்கும்போது சுவர் உடைந்து இரண்டும் கலக்க, 'அல்லிசின்' பிறக்கிறது. 1944இல் காவலிட்டோ, பெய்லி என்னும் அமெரிக்க அறிஞர்கள் இதைப் பிரித்தெடுத்து, கிருமிகளை ஒடுக்கும் ஆற்றல் இதற்கு உண்டெனக் காட்டினர். பச்சைப் பூண்டு தின்றவர் பள்ளிவாசலுக்கு வரலாகாது என்பதற்குக் காரணமான அந்த வாடையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. வேகவைத்தால் வாடை அடங்கிவிடும் என்பதும் நாம் அறிந்ததுதான். வாடையோடு சேர்ந்து வேறு என்ன போகிறது?

அந்த நொதி சூடு தாங்காது. முழுப் பல்லைக் கொதிக்கும் எண்ணெயில் போட்டால் அல்லிசின் பிறப்பதற்கு முன்பே நொதி செயலிழந்துவிடும். 2001இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் எலிகளைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். புற்றுநோயைத் தூண்டும் ஒரு வேதிப்பொருளின் தீங்கைத் தடுக்கும் ஆற்றல் பூண்டுக்கு இருந்தது. நசுக்கியவுடன் மைக்ரோவேவ் அடுப்பில் ஒரு நிமிடம் சூடாக்கியபோது அது போய்விட்டது. நசுக்கிப் பத்து நிமிடம் வைத்திருந்து சூடாக்கியபோது ஓரளவு எஞ்சியது. எலிக்குக் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் காசு செலவில்லாத வழி இது. நோன்புக் கஞ்சிக்கு முதலில் பூண்டை நசுக்கி வைத்துவிட்டு, பிறகு அரிசியைக் களையலாமே!

வாரக்கணக்கில் குளிர்பெட்டியில் கிடக்கும் இஞ்சி பூண்டு விழுதால் பிரியாணியின் மணத்திற்குக் குறைவில்லை. ஆனால் அல்லிசின் நிலைத்து நிற்கும் பொருளன்று. அதை அந்த விழுதில் தேடலாகாது.

சமையலறைக்கு முன்னே வயல் இருக்கிறது. அல்லீன் உருவாகக் கந்தகம் வேண்டும். அதைப் பயிர் மண்ணிலிருந்தே எடுக்கிறது. கந்தகம் குறைந்த நிலத்தில் விளைந்த பூண்டிலும் வெங்காயத்திலும் காரம் குன்றும். ஜிப்சம் இடுவது அக்குறையை நீக்கும். பூம்பாறை, மன்னவனூர் ஊர்களில் விளையும் கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயருக்காகப் பணம் கொடுக்குமுன், முளைவிடாமல், கையில் அழுத்தினால் கெட்டியாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரம்பலூர் உழவர்கள் சின்ன வெங்காயத்தைக் காற்றோட்டமான பட்டறையில் சேமிப்பார்கள். நாமோ பிளாஸ்டிக் பையில் கட்டி மூலையில் போட்டு அழுக விடுகிறோம்! வெங்காயத்தின் நற்பொருளான குவர்செட்டின் வெளி அடுக்குகளிலேயே மிகுதி. ஆகவே சருகை மட்டும் நீக்குக.

பூண்டை நம்பி இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துவோர் உண்டு. அது ஆபத்து. இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தோரும், பூண்டை மிகுதியாகவோ மாத்திரையாகவோ உட்கொள்வதாயின் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.