ஊக்கமும் ஊதியமும்

2020ஆம் ஆண்டிற் கொள்ளைநோய் பரவி அரங்குகள் அடைபட்டபோது, பாலே நடனக் கலைஞர் தம் வீடுகளிற் பயிற்சி செய்யும் காட்சியைக் கண்டு உலகம் வியந்தது. இலண்டனில், இங்கிலிஷ் நஷனல் பாலேயின் அன்றைய இயக்குநர் தமாரா ரோகோ தமது சமையலறையிலிருந்தே இணையவழி வகுப்பு நடத்தினார். அவ்விடாமுயற்சியை நாம் வணங்குகின்றோம். ஆயின், அனைத்தும் மனவுறுதியின் மகிமையே என்று பாடியவர்களுடன் உடன்படுவதற்கில்லை.

மனவுறுதி மட்டும் உடலைக் காக்குமா? அடுக்களை மேசையைப் பற்றிக்கொண்டு காலை நீட்டலாம், மடக்கலாம். தாவுவதற்கு உயர்ந்த கூரை வேண்டும். தாவியவர் இறங்குவதற்கு அதிர்வைத் தாங்கும் மரத்தளம் வேண்டும். சீமெந்துத் தரையில் நாள்தோறும் குதித்தால், எத்துணை உறுதி படைத்தவரின் காலெலும்பும் நோகும். இவற்றுக்கு மேலாகச் சோறும் வாடகையும் வேண்டும்.

2020 மே மாதத்தில், அமெரிக்க நடனமணி மிஸ்ரி கோப்லண்டும் ஜோசப் பிலிப்ஸும் 14 நாடுகளைச் சேர்ந்த 32 நடனமணியரைத் திரட்டி, அவரவர் இருப்பிடத்திலிருந்தே 'சாகும் அன்னம்' ஆடச் செய்து, இடருற்ற கலைஞர்க்கு நிதி சேர்த்தனர். தோழமையின் பெருமை அது. கலைஞரைக் கையேந்த விட்ட சமுதாயத்தின் சிறுமையும் அதுவே.

பாரிஸ் ஒபராவின் கலைஞரோ, கொள்ளைநோய்க்கு முன்னரே விழித்துக்கொண்டனர். 42 வயதில் ஓய்வுபெறும் உரிமையைக் காக்க வேலைநிறுத்தம் செய்த அவர்கள், 2019 டிசம்பர் 24ஆம் திகதி அரங்கின் வாயிற்படிகளில் 'அன்னத் தடாகம்' ஆடினர். நடனமும் உழைப்பே, நடனமாடும் உடலும் தேயும் என்பதை உலகுக்கு உணர்த்தினர்.

கலைஞனின் ஊக்கத்தைப் போற்றுவோர் முதலில் அவனது ஊதியத்துக்குக் குரல் கொடுக்கட்டும்.