மெத்தனால் பேரலுக்கு யார் காவல்?

டாஸ்மாக் கடையில் விற்கும் 180 மில்லி குவார்ட்டர் பாட்டிலில் அரசின் ஹாலோகிராம் வில்லை ஒட்டியிருக்கிறது. மூடியைத் திருகினால் அதன் கீழ்வளையம் அறுந்து பாட்டிலின் கழுத்திலேயே தங்கிவிடும். லேபிளில் ஆலையின் பெயர், தொகுதி எண், தயாரித்த நாள், விலை எல்லாம் அச்சாகியிருக்கும். ரசாயனச் சந்தையில் கைமாறும் மெத்தனால் பேரலுக்கு இப்படி ஓர் அரசு முத்திரை கிடையாது. அது ஆலையின் வாசலைத் தாண்டியபின் எங்கே போனது, யார் திறந்தார்கள், எத்தனை லிட்டர் குறைந்தது என்பதையெல்லாம் உயிர்கள் போன பிறகுதான் காவல்துறை தேடத் தொடங்குகிறது. வருவாய் தரும் பாட்டிலுக்கு இருக்கும் காவல் உயிரைக் குடிக்கும் பேரலுக்கும் வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

இதன் விளைவை விழுப்புரம் மாவட்டம் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இரண்டு முறை கண்டுவிட்டது. 2023 மே 13 அன்று மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் மீனவர் குப்பத்தில் சாராயம் குடித்தவர்கள் வாந்தியும் மங்கிய பார்வையுமாக விழுந்தார்கள். அவர்களில் பலரைக் கொண்டுவந்தது முண்டியம்பாக்கத்துக்குத்தான். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் சாவுகள் நிகழ்ந்தன. இரு மாவட்டங்களிலும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முதலமைச்சர் நேரில் வந்து வார்டில் இருந்தவர்களைப் பார்த்தார். இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா பத்து லட்சம் ரூபாய் அறிவிக்கப்பட்டது. அதன்பின் பதின்மூன்று மாதம்தான் கழிந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபத்தைந்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நோயாளிகளைச் சேலத்துக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் பிரித்து அனுப்ப வேண்டியிருந்தது.

எக்கியார்குப்பத்தில் குடித்தது காய்ச்சிய சாராயமே இல்லை, ஆலைப் பயன்பாட்டுக்கான மெத்தனால் என்று காவல்துறை தலைமை இயக்குநரே அப்போது அறிவித்தார். அந்த மெத்தனால் சென்னைப் பகுதி ரசாயன ஆலை ஒன்றிலிருந்து வந்தது விசாரணையில் தெரிந்தது. இந்த அறிவிப்பின் பொருளை நாம் போதிய அளவு சிந்திக்கவில்லை. கல்வராயன் மலையில் சாராய ஊறல் பானைகளை உடைத்துப் படம் எடுத்துக்கொள்வதால் இந்தச் சாவைத் தடுக்க முடியாது. நஞ்சு வந்தது காட்டிலிருந்து இல்லை. வர்த்தகக் கணக்கில் வரவு வைக்கப்பட்ட சரக்கு அது.

மெத்தனாலுக்கு நிறம் இல்லை. வாசனையிலும் நாக்கிலும் குடிப்பவருக்குச் சாராயத்திலிருந்து வேறுபாடு தெரியாது. உடலுக்குள் போனபின் கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்கும், ரத்தத்தின் அமிலத்தன்மையை ஏற்றும். பெரிய தொல்லை என்னவென்றால் இந்த மாற்றத்துக்குப் பல மணி நேரம் ஆகிறது. மாலையில் குடித்தவர் மறுநாள் வரை நன்றாகவே இருப்பார். அதைப் பார்த்து அடுத்தவரும் அதே சாராயப் பாக்கெட்டை வாங்குவார். டயாலிசிஸும் மாற்று மருந்தும் உரிய நேரத்தில் கிடைத்தால் பிழைக்கலாம். ஆனால் மரக்காணத்திலிருந்து முண்டியம்பாக்கத்துக்கு வந்து சேரவே நேரம் பிடிக்கும். கூலி வேலை செய்பவர் வயிற்றுவலி என்று ஒரு பகலைக் கடத்திவிட்டுத்தான் கிளம்புகிறார்.

முத்திரையிட்ட பாட்டிலின் நிலையும் நாம் நினைக்கும் அளவுக்குப் பாதுகாப்பானது இல்லை. அலுமினிய மூடியைப் பாட்டிலின் மேல் கவிழ்த்து, உருளைகளால் அழுத்தி, கழுத்தின் மரையோடு மரையாகப் பதிக்கிறார்கள். அடிவிளிம்பு கழுத்து முண்டின் கீழ் மடிந்து நிற்கும். மூடியையும் அடிவளையத்தையும் இணைப்பவை மெல்லிய பாலங்கள். திருகினால் அவை அறுபட வேண்டும். நேர்மையான கைக்கு இது போதும். போலி மது தயாரிப்பவருக்கு இது பெரிய தடை இல்லை. அவருக்கு வேண்டியவை மூன்று: காலி பாட்டில், புது மூடி, லேபிளோடு வில்லை. காலி பாட்டில் சாலையோரத்திலும் வயல் வரப்பிலும் காயலான் கடையிலும் கிடைக்கிறது. மற்ற இரண்டையும் அச்சடித்துத் தரக் கள்ளச் சந்தை இருக்கிறது. புதுச்சேரி எல்லையை ஒட்டிய விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் எல்லை தாண்டி வரும் மலிவுச் சரக்குக்கும் இந்த வேடம் எளிதாகப் பொருந்திவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு நல்ல காரியத்தைச் சொல்லவேண்டும். உயர் நீதிமன்றத்தின் வலியுறுத்தலால் 2022இல் நீலகிரியில் காலி பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டம் தொடங்கியது. பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பத்து ரூபாயைத் தருகிறார்கள். யானையின் காலைக் கிழிக்கும் கண்ணாடித் துண்டுக்காக எழுந்த திட்டம் அது. ஆனால் திரும்பி வரும் ஒவ்வொரு பாட்டிலும் போலித் தயாரிப்பாளரின் கைக்குப் போகாத பாட்டில் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வேலைப்பளு கூடுகிறது என்ற கடை ஊழியர்களின் குறையைத் தீர்த்து, ஆட்களையும் இடத்தையும் கொடுத்து, எல்லா மாவட்டத்திலும் இதை உறுதியாக நடத்தவேண்டும்.

மரக்காணம் சாவுகள் நடந்த அதே 2023 மே மாதத்தில் தஞ்சாவூரில், டாஸ்மாக்கை ஒட்டிய பாரில், கடை திறக்க வேண்டிய பகல் 12 மணிக்கு முன்பே மது வாங்கிக் குடித்த இருவர் இறந்தார்கள். தடய அறிவியல் சோதனையில் சயனைடு தெரிந்தது. அடுத்த மாதம் மயிலாடுதுறை மாவட்டத்திலும் இருவர் அதே நஞ்சால் இறந்தார்கள். நஞ்சு எங்கே எப்படிக் கலந்தது என்பது புலனாய்வின் வேலை. பாட்டில் எப்போது, எந்தக் கடையில், எந்த ரசீதில் விற்பனையானது என்ற விவரமாவது அரசின் கணினியில் இருந்திருக்க வேண்டாமா? நேரத்துக்கு முன், ரசீது இல்லாமல், ஏற்கெனவே திறந்த பாட்டிலிலிருந்து ஊற்றித் தரும் இடத்தில் எந்த முத்திரையும் பயன்படாது.

இதே நஞ்சை எதிர்கொண்ட இன்னொரு நாட்டைப் பார்ப்போம். 1982இல் அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் டைலெனால் மாத்திரைக் குப்பிகளில் யாரோ சயனைடு வைத்ததில் ஏழு பேர் இறந்தார்கள். கொலையாளி இன்றுவரை பிடிபடவில்லை. ஆனால் அந்த நாட்டு அரசு அதற்காகக் காத்திருக்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே, கடையில் நேரடியாக விற்கும் மருந்துகளுக்குத் திறந்தால் தெரியும்படியான உறை கட்டாயம் என்று விதி வந்தது. அடுத்த ஆண்டு, பொருளில் கலப்படம் செய்வது தனிக் குற்றமானது. ஏழு உயிர்கள் ஒரு நாட்டின் மருந்துக் குப்பிகளையே மாற்றின. நம்மிடம் கள்ளக்குறிச்சிக்குப் பின் வந்தது தண்டனை உயர்வு: 2024 ஜூன் இறுதியில் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, ஆயுள் சிறையும் கூடுதல் அபராதமும் வந்தன. தவறில்லை. ஆனால் தண்டனை என்பது சாவுக்குப் பின் வருவது.

பாட்டிலின் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ரசீது தரும் முறையை டாஸ்மாக் தொடங்கியிருப்பதை வரவேற்கிறோம். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகப் பிடுங்கும் வழக்கம் இதனால் குறையும். ஆனால் அந்தக் குறியீடு கடைக்காரரின் கருவிக்கு மட்டும் பேசினால் போதாது. ஆந்திராவில் 2025 அக்டோபரில் அன்னமய்யா மாவட்டம் முலகலசெருவில் போலி மது ஆலை பிடிபட்டதும், பாட்டிலை வாங்குபவரே தம் செல்பேசியில் சோதித்துக்கொள்ள அரசு ஒரு செயலியை வெளியிட்டது. அந்த ஏற்பாடு இங்கும் வேண்டும். செல்பேசி இல்லாதவருக்காகக் கடைச் சுவரில் ஒரு ஸ்கேன் கருவியும் வைக்கவேண்டும்.

இனி பேரலுக்கு வருவோம். மெத்தனாலை வைத்திருக்கவும் விற்கவும் உரிமம் வேண்டும் என்ற விதி இங்கு ஏற்கெனவே இருக்கிறது. விதி இருந்தும் 2023இல் மரக்காணம், 2024இல் கருணாபுரம் என்று பட்டியல் நீள்கிறது என்றால், காகித உரிமம் பேரலைப் பின்தொடரவில்லை என்றுதான் பொருள். ஒவ்வொரு பேரலுக்கும் உடைத்தால் தெரியும் முத்திரையும் தனி எண்ணும் வேண்டும். இறக்குமதி முனையத்திலிருந்து கடைசிப் பயனர் வரை ஒவ்வொரு கைமாற்றமும் அதே நாளில் மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையின் கணினியில் பதிவாக வேண்டும். மூடிய ஆலைகளில் மிச்சம் கிடக்கும் இருப்பை நேரில் அளந்து முடக்க வேண்டும். உரிமத்துக்கும் உற்பத்திக்கும் பொருந்தாத கொள்முதலைக் கணினியே காட்டிக்கொடுக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. பிரிட்டனில் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டுக்கு ஊதா நிறம் சேர்க்கிறார்கள். டெனடோனியம் என்ற பொருளை மிகச் சிறிதளவு கலந்தாலே வாயில் வைக்க முடியாத கசப்பு வந்துவிடும். சாராயப் பாக்கெட்டுக்கு லேபிளும் மூடியும் கிடையாது. அதற்குள் இருக்கும் திரவமே தான் யார் என்று சொல்ல வேண்டும். மருந்து ஆலைகளுக்குக் கலப்பில்லாத மெத்தனால் தேவைப்படலாம். அவர்களுக்குக் கடுமையான தனி உரிமம் கொடுக்கலாம். மற்றெல்லோருக்கும் நிறமும் கசப்பும் சேர்ந்த மெத்தனாலே கிடைக்க வேண்டும்.

மதுப் பாட்டிலைப் பத்திரப்படுத்தச் சொல்வது குடியை வளர்ப்பது ஆகாதா என்று மதுவிலக்கை விரும்புவோர் கேட்பார்கள். அவர்களின் கவலையை மதிக்கிறோம். கடைகள் குறைய வேண்டும் என்பதே நம் விருப்பமும். 2023 ஜூனில் 500 கடைகளை மூடியதை வரவேற்றோம், மேலும் மூட வேண்டும். ஆனால் கடை மூடப்பட்டாலும் பேரல் சந்தையில் இருக்கும். மலிவு விலைக்குப் பாக்கெட்டை வாங்குபவர்கள் டாஸ்மாக் விலை கட்டுப்படியாகாதவர்கள். குறைந்த கூலியில் அன்றாடம் கழிக்கும் மீனவரும் சுமை தூக்குபவருமே முண்டியம்பாக்கத்துக்குக் கொண்டுவரப்படுகிறார்கள். அவர்களுக்கு வில்லையும் ஸ்கேனும் எட்டாது. அவர்களைக் காக்க ஒரே வழி நஞ்சை ஊற்றுக்கண்ணிலேயே அடைப்பது.

செலவு ஒரு காரணமாக இருக்க முடியாது. வில்லைக்கும் குறியீட்டுக்கும் ஏற்கெனவே கட்டமைப்பு இருக்கிறது, அதைப் பேரலுக்கு நீட்டினால் போதும். உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை இதற்கான ஆணையைத் தாமதமின்றி வெளியிட வேண்டும். எந்த ஆலையிடம் எவ்வளவு மெத்தனால் இருக்கிறது என்ற கணக்கையும் மாவட்ட வாரியாக மக்கள் முன் வைக்க வேண்டும். விழுப்புரம் மாவட்டத்திலிருந்தே அந்தக் கணக்கைத் தொடங்கட்டும்.